பத்தடியில் இருந்த கிணறு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழு வருடமாகிறது. கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. அப்படிச் சுழி மட்டும் போட்ட தாள்கள் என் அலுமாரிக்குள் கிடக்கின்றன. சுழி போட்ட தாளைக் கிழிக்க மனம் வராமல் அடுக்கி வைத்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுதத் தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. வெட்கம், பயம், அதோடு இவர் என்னிடம் சொன்ன ஒரு சொல். இவர் என்றால் என் வீட்டுக்காரர். "ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று அன்று சொன்னவர், போன மாதம் தானே கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்து "எழுதும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் விசுவமடுவில் வயல் செய்து வாழ்கிறவர்கள். இரண்டு ஏக்கர் நெல், ஒரு பசு, வீட்டைச் சுற்றி வாழை. மகளை ஓமந்தையில் கட்டிக் கொடுத்த பிறகு எனக்கு நேரம் மிஞ்சியது. மாதர் சங்கத்தில் இயற்கைப் பொருட்கள் செய்யப் பழக்குகிறார்கள் என்று போனேன். போனவள் அதிலேயே ஊறிப்போனேன். செவ்வரத்தம்பூவும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய தலையெண்ணெய், உப்பும் கரியும் கராம்பும் இடித்த பல்பொடி, நுளம்பு கடிக்காமல் இருக்கச் சாணமும் வேப்பிலையும் சேர்த்துப் பிடித்த புகைவில்லை, சட்டி தேய்க்கும் தூள். கடைச் சாமான் ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு வைராக்கியம். கடவுள் தந்ததில் இல்லாத சுத்தம் கடைக்காரனிடம் இருக்குமா என்று நினைப்பேன்.

இவருக்கு அது பெரிய பகிடி. குசினி வாசலில் நின்று கேட்பார்.

"இஞ்சாரும், இண்டைக்குச் சட்டிக்குள்ளை என்ன, கறியோ சவுக்காரமோ? கேட்டுப்போட்டு இருந்தால் நல்லது. போன கிழமை ரசம் எண்டு குடிச்சது நுரைச்சது."

"அது உங்கட வாய் நுரைச்சது. சும்மா போங்கோ அங்காலை."

பகிடி பண்ணினாலும் எல்லா வேலைக்கும் தோள் கொடுப்பார். அம்மன் கோயில் வீதியில் வேப்பம்பழம் உதிர்ந்து கிடக்கும். ஐயரிடம் கேட்டு, கூட்டி, சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டு வந்து தருவார். அந்தக் கொட்டையில்தான் எனக்கு வேப்பெண்ணெய்.

இதற்கெல்லாம் முந்தியே எங்கள் வீட்டில் செய்து வந்த ஒரு பொருள் உண்டு. அது திருநீறு. எங்கள் பசுவின் சாணத்தை உருண்டை பிடித்து, காய வைத்து, உமிக்குள் மூடி எரிப்போம். ஆறிய பிறகு வெள்ளைச் சாம்பலாக வரும். அதைப் பழைய வேட்டித் துண்டில் அரித்து, பால்மா வந்த தகரப் பேணியில் போடுவோம். வெள்ளிக்கிழமைகளில் இவர் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஐயர் எல்லாருக்கும் கொடுப்பது எங்கள் வீட்டுத் திருநீறுதான். திருவிழாவில் சாமி தூக்கும்போது, வாகனத்தைத் தாங்கும் முன்கொம்பில் வலப்பக்கம் இவருடைய தோள். சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்த முதல் திருவிழாவிலிருந்து அந்த இடம் இவருடையது. அந்தக் கொம்புக்குக் கீழே நிற்கும்போது இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். கலியாண நாளிலும் நான் அப்படி ஒரு முகத்தைக் காணவில்லை.

சங்கத்துக்குச் சவர்க்காரம் பழக்க ஒரு மிஸ் வந்தா. எண்ணெயைச் சவர்க்காரமாக்க, கடையில் வாங்கிய காரக்கட்டியைத் தண்ணீரில் கரைத்தா. கையுறை போட்டா, கண்ணுக்குக் கண்ணாடி போட்டா, பக்கத்தில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் வைத்தா. "மேலிலை, கண்ணிலை பட்டால் யோசிக்கக்கூடாது, உடனை தண்ணி, நிறையத் தண்ணி" என்று இரண்டு தரம் சொன்னா. நான் முன்வரிசையில் இருந்துதான் கேட்டேன். கேட்டுவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு பயங்கரமான கடைச் சாமானைப் போட்டால் அது எப்படி இயற்கைச் சவர்க்காரம்? நான் சாம்பலில் செய்து காட்டுகிறேன் என்று நினைத்தேன். அந்தக் கர்வத்தில், வாளித் தண்ணீரையும் கடைச் சாமானோடு சேர்த்து மனத்திலிருந்து தள்ளிவிட்டேன்.

வாழைத்தண்டை எரித்த சாம்பலில் முதலில் செய்து பார்த்தேன். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் நின்றது. சாம்பலோடு சுண்ணாம்பு சேர்த்தால் காரம் ஏறும், முந்தி உடுப்பு வெளுக்கிறவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று ஒரு வயதானவர் சொன்னார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சுட்ட சிப்பி எடுப்பித்தேன். தண்ணீர் விட்டு நீற்றாத சிப்பி அது. அதில் ஒரு துண்டைச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் தெளித்தபோது சீறிக்கொண்டு கொதித்தது. சிரட்டையைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. இயற்கையிலும் இப்படி ஒரு சக்தி இருக்கிறதே என்று கைகூப்பினேன். பிறகு சிப்பியை நன்றாக இடித்து, சாம்பலோடு கலந்து, அரித்து, ஒரு பேணியில் போட்டு மூடினேன். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கரைத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். அரித்த துணியும் அதே வேட்டித் துண்டு. போட்ட பேணியும் அதே மாதிரிப் பால்மாப் பேணி. தூளைப் பார்த்தாலும் திருநீறு மாதிரியேதான் இருந்தது, கொஞ்சம் சாம்பல் நிறம் கூட.

அந்த நேரம் மகள் பேத்தியோடு வந்து நின்றாள். பேத்திக்கு ஒன்றரை வயது. கண்டதையெல்லாம் வாயில் வைக்கும். குசினியில் எதையும் தாழ வைக்க முடியாது, கதிரையை இழுத்துப் போட்டு ஏறிவிடும். வீட்டில் அது தொடாத இடம் ஒன்றே ஒன்று, சாமிப் படங்கள் வைத்த சாமித்தட்டு. "சாமி, கும்பிடு" என்றால் தூரத்தில் நின்று கையைச் சேர்க்கும். அதனால் அந்தப் பேணியைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தேன். வீட்டிலேயே பாதுகாப்பான இடம் அதுதான் என்று நினைத்தேன். இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் "சாமித்தட்டிலையோ சுண்ணாம்பு வைக்கிறது?" என்று பேசுவார். இரண்டு நாளில் எடுத்துவிடலாம்தானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் நான் முற்றத்து அடுப்பில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நின்றேன். இவர் கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே போனார். திருநீற்றுக் குடுவை வெறுமையாக இருந்திருக்கிறது. வழக்கமாக அதை நிரப்புவது நான். அன்று எனக்கு வேலை என்று கண்டு, எனக்கு உதவியாகத்தான் படத்துக்குப் பின்னாலிருந்த பேணியைத் திருநீற்றுப் பேணி என்று எடுத்து நிரப்பியிருக்கிறார்.

திருநீறு எப்படிப் பூச வேண்டும் என்று சின்ன வயதில் சமய பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். வடக்கையோ கிழக்கையோ பார்த்து, அண்ணாந்து நின்று, நிலத்தில் சிந்தாமல், மூன்று விரலால். இவர் ஒரு நாளும் அதில் பிழை விட்டதில்லை. ஈர விரலால் அள்ளி, அண்ணாந்து, கண்ணை மூடி, நெற்றியில் மூன்று குறி இழுத்திருக்கிறார். மெழுகிய நிலத்தில் ஒரு பொட்டும் சிந்தவில்லை, நான் பிறகு பார்த்தேன். சிந்தியதெல்லாம் அண்ணாந்த முகத்திலேயே விழுந்திருக்கிறது. நெற்றி காந்தத் தொடங்க, என்னவென்று இடது கண்ணைத் திறந்திருக்கிறார்.

"என்னப்பா இது... இஞ்சாரும்! திருநீறு காந்துது! கண்... என்ரை கண்!"

கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடி வந்தார். நெற்றியில் மூன்று குறியும் சிவந்து எழும்பி நின்றது. எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்த பேணி.  எண்ணெய் கிண்டிக்கொண்டிருந்த அகப்பை கையிலிருந்து விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

இவர் கிணற்றடிக்குத்தான் ஓடினார். "தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு, ஒரு கண்ணால் பார்த்து, நிறைந்திருந்த வாளியைத் தூக்கினார்.

அந்த இடத்தில்தான் நான் செய்ததை எழுத ஏழு வருடம் பிடித்தது.

நான் பாய்ந்து போய் இவருடைய கையைப் பிடித்தேன். "தண்ணி படக்கூடாது! சுண்ணாம்பு! தண்ணி பட்டால் கொதிக்கும்!" என்று கத்தினேன். சிரட்டையில் சீறியதுதான் என் கண்ணுக்குள் நின்றது. இவருடைய கண்ணுக்குள் அப்படிக் கொதித்தால்? வாளியைக் காலால் தட்டிக் கவிழ்த்தேன். தண்ணீர் முழுவதும் வாழையடிக்கு ஓடியது. "விடும், எரியுது, விடும்" என்று இவர் கெஞ்சினார். நான் விடவில்லை. சாமி விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து கண்ணுக்குள் ஊற்றினேன். "அம்மாளாச்சி, அம்மாளாச்சி" என்று கும்பிட்டுக் கும்பிட்டு ஊற்றினேன். பக்கத்து வளவு மச்சாள் ஓடிவந்து பார்த்துவிட்டு ஓட்டோ பிடித்தா. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் அந்தக் கண்ணில் படாமல் என் சேலைத் தலைப்பால் காத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்த முதல் வேலை போத்தல் போத்தலாக மருந்துத் தண்ணீரைக் கண்ணுக்குள் விட்டதுதான். "ஐயோ தண்ணி விடாதையுங்கோ!" என்று நான் குழறினேன். ஒரு தாதி என்னைப் பிடித்து வெளியே இருத்தினா. கன நேரத்துக்குப் பிறகு டாக்டர் வந்தார். வயது குறைந்த பிள்ளை. கோபமாகக் கேட்கவில்லை, விசாரிப்பதற்குத்தான் கேட்டார்.

"அம்மா, வீட்டிலை கிணறு இல்லையோ?"

"இருக்குத் தம்பி."

"எவ்வளவு தூரம்?"

 நான் சொல்ல முந்தி, உள்ளே படுத்திருந்த இவர் பதில் சொன்னார். "பத்தடி."

டாக்டர் தலையைக் குனிந்தார். "உடனை கழுவியிருக்கலாம். கிடந்த சுண்ணாம்பு கண்ணீரிலை கரைஞ்சு இவ்வளவு நேரமும் கண்ணை அரிச்சிருக்கு. நிறையத் தண்ணி ஓடியிருந்தால் அதையும் சூட்டையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கும்" என்றார். கொஞ்சத் தண்ணீரில்தான் அது கொதிக்கும், நிறையத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகும் என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். நான் அந்தச் சீமெந்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். மிஸ் வைத்த இரண்டு வாளித் தண்ணீர் என் கண் முன்னால் வந்து நின்றது.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை வைத்துப் பார்த்தார்கள். இடது கண் பால்வெள்ளையாகிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என் பக்கம் குனிந்து சொன்னார்.

"கிணத்தடியிலை நடந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதையும். பேணியையும் சொல்லாதையும். ஊர் உம்மைத் தின்னும்."

"கேட்டால் என்ன சொல்லுறது?"

"திருநீறு கண்ணுக்குள்ளை விழுந்திட்டுது எண்டுவம். பொய் இல்லைத்தானே, திருநீற்றுக் குடுவையாலைதானே வந்தது."

நான் சம்மதித்தேன். வாயை மூடிக்கொண்டால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. நாங்கள் விட்ட வெறுமையை ஊர் நிரப்பியது. இவருடைய நெற்றியில் மூன்று குறியும் வெந்து தழும்பாகிவிட்டது, அழியாத திருநீறு மாதிரி. அதைப் பார்த்தவர்களுக்குக் கதை தானாக வந்தது. "கோயில் வேப்பங்கொட்டையை அள்ளிச் சவுக்காரம் காய்ச்சினவை. அம்மாள் விடுவாவே? அவவின்ரை திருநீற்றாலையே சுட்டுப்போட்டா." தண்ணீர் அள்ள வந்த இடத்தில் மச்சாள் எனக்கே சொன்னா. "ஊர் கதைக்குது மச்சாள், நான் நம்பேல்லை" என்று சொல்லிக்கொண்டு இவருடைய நெற்றியைத்தான் பார்த்தா.

வெள்ளிக்கிழமை இவர் கொண்டுபோன திருநீற்றை ஐயர் வாங்கி ஒரு பக்கத்தில் வைத்தார். அடுத்த கிழமையும் அது அதே பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கொண்டுபோகவில்லை. திருவிழா வந்தது. இவர் குளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, முன்கொம்புக்குப் போனார். கோயில் தலைவர் தோளைத் தொட்டார்.

"அண்ணை, ஒரு கண்ணோடை சறுக்கிப்போடுவியள். இந்த முறை வேறை ஆள் பிடிக்கட்டும்."

"மற்றக் கண் வடிவாத் தெரியும் தம்பி."

"விடுங்கோ அண்ணை. சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

இவர் பின்னுக்கு வந்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், "என்ரை மனிசி மாறி வைச்ச பேணி" என்று. சொல்லவில்லை. சாமி வீதி சுற்றி வரும்வரை தூணோடு நின்று கும்பிட்டார். நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பிழைக்கு இந்த மனிதன் கண்ணையும் கொடுத்தான், முன்கொம்பையும் கொடுத்தான். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. ஏழு திருவிழா அப்படிப் போனது.

போன மாதம் தண்ணீரூற்று என்ற ஊரில் இவருடைய சொந்தக்காரர் ஒருவரின் புது வீட்டுக் குடிபூரல். இரண்டு நாள் முந்தியே உதவிக்குப் போனோம். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மருமகள் தொட்டியில் சுண்ணாம்பைக் கலக்கினாள். தடி வழுக்கியது. கலவை தெறித்து முகத்தில் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு குழறினாள். முற்றத்துக் கிணற்றை நோக்கித்தான் அவளும் ஓடினாள்.

சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பெரியவர் கையை விரித்து மறித்தார்.

"தண்ணி விடாதையுங்கோ! எண்ணெய் கொண்டு வாங்கோ! விசுவமடுவிலை ஒரு மனிசனுக்குச் சுண்ணாம்பு விழுந்து, மனிசி தண்ணியை ஊத்தப்போய்த்தான் கண் வெந்தது! கேள்விப்படேல்லையே?"

 சுண்ணாம்பு என்று அவர்களுக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரியிலிருந்து கசிந்திருக்கும். கசிந்தது பாதி, அந்தப் பாதியும் தலைகீழ். நான் ஊற்றாத தண்ணீரை ஊற்றினேன் என்று கதை நடந்து நடந்து தண்ணீரூற்றுவரை வந்திருக்கிறது. வந்து, இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஒருத்தி எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தாள். இவர் கிணற்றடியில் நின்று அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சொல்லுவதில்லை என்று எனக்காக எடுத்த முடிவை அப்போதும் காத்தார்.

நான் கத்தினேன். எனக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று எனக்கே தெரியாது.

"பொய்! அந்த மனிசன் இவர்தான்! அந்த மனிசி நான்! தண்ணி விடேல்லை! இவர் தண்ணிக்கு ஓட நான்தான் வாளியைக் கவிட்டனான்! எண்ணெய் விட்டுத்தான் கண் போனது! விடுங்கோ பிள்ளையை!"

 நான் பெரியவரைத் தள்ளிவிட்டு அவளை இழுத்துக் கிணற்றுக்கட்டில் சாய்த்தேன். இவர் அதற்குள் வாளியை இறக்கிவிட்டார். இவர் அள்ள அள்ள நான் ஊற்றினேன். அவள் கண்ணைத் திறக்க மாட்டேன் என்று அலறினாள். இரண்டு விரலால் இமையை விரித்துப் பிடித்து ஊற்றினேன். "காணும் அக்கா" என்றார்கள். நிறுத்தவில்லை. ஓட்டோ வந்து நின்ற பிறகும் ஊற்றினோம். குடத்தையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிவரை வழியெல்லாம் ஊற்றினோம். ஓட்டோக்காரப் பிள்ளை "அம்மா, சீற்றெல்லாம் குளம்" என்றான். "குளமாகட்டும் ராசா, ஓடு" என்றேன்.

பிள்ளையின் இரண்டு கண்ணும் தப்பின. இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறாள்.

அன்று பின்னேரம் ஈரச் சேலையோடு நான் அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"ஏழு வருசத்துக்குப் பிறகு கிணத்தடிக்கு வந்து சேர்ந்தீர்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் குரல் உடைந்திருந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு கிழமை போகவில்லை, ஒரு தாய் பிள்ளையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தா. "அக்கா, நீங்கள் மந்திரிச்ச தண்ணி ஊத்திக் கண் குடுக்கிறனியளாம். என்ரை பிள்ளைக்குக் கண்ணிலை பூளை, ஒருக்கா ஊத்திவிடுங்கோ."  அதைக் கேட்டுத்தான் இவர் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தார்.

கோயில் தலைவரிடம் போன வெள்ளிக்கிழமை நானே நேரில் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார்.  இந்த வருடத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முன்கொம்பைப் பற்றி இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அம்மாளிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சவர்க்காரம் இப்போதும் செய்கிறேன், மிஸ் சொன்னபடி. கண்ணாடி போட்டு, இரண்டு வாளித் தண்ணீர் வைத்து. காரச் சாமான் தனிப் பெட்டியில், பூட்டுக்குள், பெயர் எழுதி. சாமித்தட்டில் சாமியும் திருநீறும் மட்டும்.

வாசிக்கிற உங்களிடம் கையெடுத்துக் கேட்பது ஒன்றுதான். இதைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கோ. சொல்லும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ. அம்மாள் சுட்டா என்று சேர்க்க வேண்டாம், சுட்டது நான் வைத்த பேணி. திருநீறு நஞ்சு என்றும் சொல்ல வேண்டாம், அது திருநீறே இல்லை. மந்திரம் என்று ஒன்றும் இல்லை, கிணற்றுத் தண்ணீர்தான். எனக்காக இரங்கி அந்த வாளியை மட்டும் மறைத்துவிட வேண்டாம். அதைக் கவிழ்த்தது நான் என்றே சொல்லுங்கோ. அந்த இடத்தை மாற்றினால், இன்னொரு வீட்டில் இன்னொருத்தி கிணற்றை மறித்துக்கொண்டு நிற்பாள்.